ஒரு குரலுக்கும் ஐந்து வாத்தியங்களுக்குமான நேரடி அறிவிப்பு

எலும்பில் துளை போட்டு ஊத மனிதன் கற்றுக்கொண்ட நாளிலிருந்து இன்றுவரை, நாற்பதாயிரம் ஆண்டுகளாக, இசை யாரிடமும் ஒரு விஷயத்தைக்கூட நேராகச் சொன்னதில்லை. அதை முதன்முதலாக நேராகச் சொல்ல வைக்கப்போகிறவர் எங்கள் இசையமைப்பாளர் எர்மெக் பைகே, அதாவது எர்மெக் அண்ணன். இதை நான் சொல்லவில்லை. அவரே சொன்னார். நவம்பர் மாதம், எங்கள் தலைநகர் பிஷ்கெக்கில், அறையைச் சூடாக்கும் வெந்நீர்க் குழாய் ஒரு பக்கம் மட்டும் சுடுகிற ஒத்திகை அறையில், நாற்காலி மேல் நின்று சொன்னார். உணர்ச்சிவசப்பட்டு ஏறியதாக நினைக்க வேண்டாம். மேல் ஜன்னலைச் சாத்துவதற்காக ஏறினார். சாத்திவிட்டு இறங்காமலே பேசினார்.

"நாப்பதாயிரம் வருஷம்! புரியுதா?"

"புரியுது பைகே," என்றோம் அவர் குழுவின் ஆறு பேரும்.

"எல்லாம் சுத்தி வளைச்சுத்தான். சோகம்னா வயலின் இழுக்கும். சாவுன்னா மணி அடிக்கும். யாரு செத்தா, எப்ப செத்தா? அதை மட்டும் சொல்லாது. நாளன்னிக்கு சாயந்திரம் ஏழு மணிக்கு அதுக்கெல்லாம் ஒரு முடிவு."

என் பெயர் பாயேல். இசைக் கல்லூரியில் நான்காம் ஆண்டு, தாள வாத்தியம். பைகேயின் படைப்புகளில் இதுவரை இரண்டு செங்கல், ஒரு ஈரத் துண்டு, குக்கர் மூடி ஆகியவற்றை வாசித்திருக்கிறேன். ஈரத் துண்டுக்குத்தான் நல்ல பெயர் கிடைத்தது.

அவருடைய வாழ்க்கையும் படைப்பும் பற்றிக் கல்லூரி நூலகத்தில் ஒரு கோப்பு இருக்கிறது. மெல்லியது. பிறந்தது கொச்கோரில், முப்பத்தொன்பது வருடம் முன்னால். அப்பா இசாபெக், கொச்கோர்-பிஷ்கெக் பஸ் ஓட்டுநர். ஒரே மகன். ஆறு வருடம் ஜெர்மனியில் இசையமைப்புப் படித்தார். திரும்பி வந்து நால்வர் குழுவுக்கும் ஒரு குளிர்சாதனப் பெட்டிக்கும் ஒரு படைப்பு எழுதினார். அரங்கேற்றத்தில் பெட்டியின் மோட்டார் தானாகவே ஓட ஆரம்பித்துவிட்டது. அந்தப் பகுதியைத்தான் பத்திரிகை பாராட்டியது. அடுத்து வந்தது பியானோவின் மூடியைத் திறக்காமலே நாற்பத்தேழு நிமிடம் வாசிக்க வேண்டிய ஒரு படைப்பு. இருபதாவது நிமிடத்தில் கேட்க வந்தவர்களில் ஒரு அம்மாள் பியானோக்காரருக்கு ஆம்புலன்ஸ் கூப்பிட்டுவிட்டார்.

இப்போதைய படைப்பின் பெயர் 'நேரடி அறிவிப்பு'. அது ஏன் பிறந்தது என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். வாரம் ஒரு தடவை சொல்வார். அவர் ஜெர்மனியில் படித்துக்கொண்டிருந்தபோது ஊரில் சித்தப்பா இறந்துவிட்டார். அவருக்கு முதல் பியானோ வாங்கிக் கொடுத்த சித்தப்பா. பையனுக்குப் பரீட்சை என்று வீட்டில் சொல்லவில்லை. "சித்தப்பா ஆட்டை ஓட்டிக்கிட்டு மலைக்குப் போயிருக்கான், அங்க சிக்னல் இல்ல" என்றார் அப்பா. நான்கு மாதம் சிக்னல் இல்லை. நான்கு மாதமும் இவர் தன் புதிய படைப்புகளை வாசித்துச் சித்தப்பாவின் போனுக்குப் பதிவு அனுப்பிக்கொண்டிருந்தார். கோடையில் ஊர் வந்து இறங்கினால் வாசலில் பெரியவர்கள் வரிசையாக நிற்கிறார்கள். மூத்தவர் ஒருவர் முன்னால் வந்து பாட்டாகச் சொல்ல ஆரம்பித்தாராம். எங்கள் வழக்கம் அது. சாவுச் செய்தியை மொட்டையாகச் சொல்லக்கூடாது. பாடியோ வாசித்தோ, ஆளைக் கொஞ்சம் கொஞ்சமாக அந்த இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும்.

"முதல் வரில கழுகு பறக்குது," என்பார் பைகே. "அஞ்சாவது வரில மரம் சாயுது. ஒன்பதாவது வரில ஆறு வத்திப்போச்சு. நான் பெட்டியைக் கையில தூக்கிக்கிட்டு வரியை எண்ணிக்கிட்டு நிக்கிறேன். பதினாலாவது வரிலதான்டா என் சித்தப்பா செத்தாரு! உலகத்துல எந்த ஜனமாவது இசையைத் தபாலாபீசா வெச்சிருக்கா? அதுவும் நாலு மாசம் லேட்டா வர்ற தபாலு!"

நாங்கள் சிரிப்போம். அதிகமாகச் சிரித்தது நான்.

படைப்பில் மூன்று பகுதி. முதல் பகுதி முழுக்கக் கிண்டல். ஊரிலிருந்து வரும் போன்களில் சொல்லப்படும் பொய்களைப் பாடகி பாடுவாள்: லேசா உடம்பு சரியில்ல, ஆஸ்பத்திரில சும்மா பாக்கறாங்க, உன்னைப் பாக்கணும்னு சொல்றார். ஒவ்வொரு பொய்க்கும் நான் ஒரு ரப்பர் தவளையை அமுக்க வேண்டும். இரண்டாம் பகுதியில் ஒன்றும் நடக்காது, பதினோரு நிமிடம். மூன்றாம் பகுதிதான் உச்சம். நூற்றுப் பன்னிரண்டாவது தாளக்கட்டத்தில் எல்லோரும் ஒரே சுரத்தைப் பிடித்து நிற்க, பாடகி அன்றைய செய்தித்தாளில் வந்த ஒரு மரணத்தை ராகமில்லாமல் சொல்ல வேண்டும். பெயர், பிறகு வினைச்சொல். முடிந்தது. இசைத்தாளில் அந்த இடம் காலியாக இருக்கும். ஒத்திகையில் "எவரோ ஒருவர் இறந்தார்" என்று சொல்லிச் சமாளித்தோம்.

இதோடு நிற்கவில்லை. எங்கள் ஆறு பேரிடமும் ஒரு தாளில் கையெழுத்து வாங்கியிருந்தார். 'எர்மெக்காகிய என் குடும்பத்தில் யாராவது இறந்தால் என்னிடம் உடனே, ஒரே வாக்கியத்தில் தெரிவிக்க வேண்டும். பறவை, மரம், ஆறு, காற்று ஆகியவை கூடாது.' நான் கையெழுத்துக்குக் கீழே தேதியும் போட்டேன்.

நாற்காலியிலிருந்து அவர் இறங்கிய மறுநாள், அதாவது அரங்கேற்றத்துக்கு முந்தின நாள், காலை பதினொன்றரை மணித் தேநீர் இடைவேளையில் பெர்மெட் அக்காவின் போன் அடித்தது. அக்காதான் பாடகி. அவளும் கொச்கோர்க்காரி, பைகேயின் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி. நடைபாதைக்குப் போய்ப் பேசிவிட்டு வந்தவள் என் கையைப் பிடித்து வெளியே இழுத்தாள்.

"பைகேயோட அப்பா, இசாபெக் மாமா போயிட்டாரு. விடியக்காலைல. பல் தேய்ச்சுக்கிட்டு இருந்தவரு அப்படியே உக்காந்துட்டாராம்."

என் வாயில் பாதி போர்சோக், எண்ணெயில் பொரித்த மாவுத் துண்டு, இருந்தது. அதை மெல்வதா துப்புவதா என்று தெரியவில்லை. அப்படியே வைத்துக்கொண்டு நின்றேன்.

"பைகேக்குத் தெரியுமா?"

"அவருதான் அரங்கேத்தம்னா மூணு நாள் போனை அணைச்சு வெச்சிருவாரே. எங்கம்மா அழுவுது. சாவுக் கூடாரம் போட்டாச்சாம். ஒரே மகன் நிக்க வேண்டிய இடத்துல பக்கத்து வீட்டு லாரிக்காரன் இடுப்புல துண்டு கட்டிக்கிட்டு நிக்கிறானாம். சுத்துப்பட்டு ஜனமெல்லாம் சாயந்திரம் வந்துரும். அதுக்குள்ள இவரு போய் வாசல்ல நிக்கணும் பாயேல். இல்லன்னா அந்த ஊரு சாகிற வரைக்கும் இவரைப் பேசும்."

கொச்கோருக்கு நான்கு மணி நேரம். மலைப்பாதையில் பனி இருந்தால் ஐந்து. பன்னிரண்டுக்குக் கிளம்பினால்தான் உண்டு.

நடைபாதையில் ஐந்து பேர் கூடிவிட்டோம். ஆறாவது ஆளான வயோலாக்காரி விஷயம் கேட்டதும் கழிப்பறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள்.

"அதான் எழுதிக் குடுத்திருக்கோமே," என்றார் செல்லோக்காரர். "நேரா போய் ஒரு வாக்கியம். சொல்லிட வேண்டியதுதான்."

"போங்க," என்றேன் நான்.

"நானா? இதெல்லாம் பெரியவங்க சொல்லணும்பா."

"நம்மள்ல நீங்கதான் பெரியவர். முப்பத்து மூணு."

"அது சர்டிபிகேட்ல. ரெண்டு வயசு கூடப் போட்டுட்டாங்க."

எல்லோரும் கெனாதியைப் பார்த்தோம். கிளாரினெட் வாசிக்கிறவன், எங்களில் ஒரே ரஷ்யன்.

"கெனா, உங்காளுங்க பட்டுனு சொல்லிருவீங்கள்ல?"

"எங்கப்பாவோட தாத்தா இங்க வந்து நூத்திப்பத்து வருஷம் ஆச்சு," என்றான் கெனாதி. "உங்களோட சேந்து நாங்களும் கெட்டுப்போயிட்டோம். எங்க வீட்டு நாய் செத்ததை எங்கம்மாகிட்ட இன்னும் சொல்லல."

"எப்ப செத்துச்சு?"

"ரெண்டாயிரத்துப் பத்தொம்பதுல."

கடைசியில் நான் போனேன். தேதி போட்டுக் கையெழுத்திட்டவன் நான். ரப்பர் தவளையை அமுக்கினவனும் நான். இரண்டே சொல், பெயர், வினை. வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். பைகே பியானோ மேல் தாளைப் பரப்பிப் பென்சிலால் என்னவோ அடித்துக்கொண்டிருந்தார். அப்பாவின் பழைய கம்பளிச் சட்டையைப் போட்டிருந்தார். அதன் கை மணிக்கட்டை எட்டவில்லை.

"என்ன தம்பி?"

"பைகே..." என்றேன். "டீ ஆறிருச்சு."

பெயரும் வினையும் சரியாகவே வந்துவிட்டன. ஆள்தான் மாறிவிட்டது.

"பரவால்ல, ஆறட்டும்," என்றார். "எல்லாரையும் கூப்பிடு. மூணாவது பகுதி பாப்போம்."

என்னைப் பற்றி எனக்கே அதிர்ச்சியாக இருந்தது. இத்தனை வருடம் நான் சிரித்ததெல்லாம் எங்கே போனது? நடைபாதைக்குத் திரும்பி வந்தேன். என் முகத்தைப் பார்த்தே எல்லோருக்கும் புரிந்துவிட்டது. கெனாதி மட்டும் கார்ச் சாவியை என் கையில் கொடுத்து, "பெட்ரோல் போட்டுட்டு வந்து வாசல்ல நிறுத்து. அதையாவது பண்ணு," என்றான்.

நான் திரும்பி வரும்போது ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. இப்படி ஒரு ஒத்திகையை நான் பார்த்ததில்லை. பைகே சொன்னதெல்லாம் நடந்தது. போன வாரம் ஒரு சுரத்தைக் காட்டி "இது இசையா, குழாய் ரிப்பேரா?" என்று கேட்ட கெனாதி, அதே சுரத்தை ஏழு தடவை வாசிக்கச் சொன்னதற்கு "சரி பைகே" என்றான். செல்லோக்காரர் வில்லைத் தலைகீழாகப் பிடித்து வாசித்தார். வயோலாக்காரி சிவந்த கண்ணோடு, கேட்காமலே இன்னொரு தடவை வாசித்தாள்.

பைகே பென்சிலைக் கீழே வைத்துவிட்டு எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"என்னடா ஆச்சு உங்களுக்கு? பதினஞ்சு வருஷமா எழுதறேன். இன்னைக்குத்தான் என் இசை உங்களுக்குள்ள இறங்கியிருக்கு." அவர் குரல் கொஞ்சம் உடைந்தது. "பெர்மெட், நீ அழுவுறியா?"

"இல்ல பைகே. சளி."

"அழுதா அழு. தப்பில்ல. இன்னைக்கு யாரும் வீட்டுக்குப் போவேணாம். ராத்திரி எட்டு வரைக்கும் வாசிப்போம்."

மணி பன்னிரண்டு பத்து. நாங்கள் எவ்வளவு பணிவாக வாசிக்கிறோமோ அவ்வளவு நேரம் அவர் அங்கேயே நிற்கப்போகிறார் என்பது அப்போதுதான் உறைத்தது.

செல்லோக்காரர் மெல்ல ஆரம்பித்தார். "பைகே, கொஞ்சம் காத்தாட கொச்கோர் பக்கம் ஒரு நடை போய்ட்டு வரலாமா? நாங்களும் வர்றோம்."

"கொச்கோரா? பைத்தியமா? நாளைக்கு அரங்கேத்தம்யா!"

'அப்பாவுக்கு லேசா உடம்பு சரியில்லையாம்' என்று சொன்னால் எங்கள் நாட்டில் எந்த மகனும் மறுபேச்சில்லாமல் வண்டியில் ஏறிவிடுவான். ஆனால் அதை எப்படி இவரிடம் சொல்வது? அது முதல் பகுதியில் பதினேழாவது கட்டம். எங்களைப் பார்த்துக் கைதட்டிச் சிரித்துவிடுவார்.

"மூணாவது பகுதி. நூத்திநாலுலேர்ந்து," என்று பென்சிலைத் தூக்கினார்.

வாசித்தோம். நூற்றுப் பன்னிரண்டு வந்தது. எல்லோரும் ஒரே சுரத்தைப் பிடித்து நின்றோம். நான் பெரிய முரசின் மேல் உள்ளங்கையை உருட்டிக்கொண்டிருந்தேன். பெர்மெட் அக்கா "எவரோ ஒருவர் இறந்தார்" என்று சொல்ல வேண்டிய இடம். அவள் சொல்லவில்லை. பைகே பென்சிலால் அவளைக் காட்டினார். அவர் முகம் சுளிக்காமல் இன்னொரு கட்டம் எண்ணிக் காட்டினார். நாங்கள் சுரத்தை விடவில்லை.

அப்போது அவள் மெதுவாக, ராகமென்று சொல்ல முடியாத ஒரு இழுவையில் ஆரம்பித்தாள்.

"கொச்கோர் ஸ்டாண்டுல ஒரு பஸ்ஸு, பைகே. முப்பத்திரண்டு வருஷமா காலைல ஆறு மணிக்குக் கிளம்பற பஸ்ஸு..."

பைகேயின் பென்சில் அசைந்துகொண்டிருந்தது.

"பனி பெஞ்சாலும் கிளம்பும். டயர் வெடிச்சாலும் கிளம்பும். அடுத்த ஊர்ப் பிள்ளைங்களையெல்லாம் படிக்கக் கூட்டிக்கிட்டுப் போய் விட்ட பஸ்ஸு. இன்னைக்குக் கிளம்பலை. ஜனமெல்லாம் ஸ்டாண்டுல நிக்குது. ஏன் கிளம்பலைன்னு ஒருத்தரும் கேக்கலை. எல்லாரும் தொப்பியைக் கையில எடுத்துக்கிட்டாங்க."

பறவை இல்லை. மரம் இல்லை. ஆறும் காற்றும் இல்லை. கையெழுத்துப் போட்ட தாளை அவள் ஒரு எழுத்துக்கூட மீறவில்லை.

எங்கள் ஊரில் யாரும் காரணமில்லாமல் இப்படிப் பேச மாட்டார்கள். இரண்டாவது வாக்கியத்திலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. எனக்கு அவர் காது தெரிந்தது, அது வெளுத்துப்போயிற்று. காது வெளுக்கும் என்பதே எனக்கு அதுவரை தெரியாது. ஆனாலும் அவர் அவளை நிறுத்தவில்லை. "சீக்கிரம் சொல்லித் தொலை" என்று கத்துவார் என நினைத்தேன். கத்தவில்லை. தலையைச் சாய்த்து, ஒவ்வொரு வரிக்கும் இடம் விட்டு, அவள் மூச்சு வாங்க வேண்டிய இடத்தில் பென்சிலைக் கொஞ்சம் தாழ்த்தி, வழிகாட்டிக்கொண்டே நின்றார்.

"ஓட்டினவரு இறங்கிட்டாரு பைகே," என்றாள் அவள். "சாவியைக் குடுக்கறதுக்கு உங்களைத்தான் தேடறாங்க."

அதற்குப் பிறகு அந்தப் பகுதியில் இன்னும் பதினைந்து கட்டம் இருந்தது. அவர் பென்சில் நிற்கவில்லை. நிறுத்துவது எப்படி என்று எங்களுக்கும் தெரியவில்லை. வாசித்தோம். மூன்று மாதத்தில் முதல் தடவையாகப் பிழையில்லாமல் முடிந்தது.

அறையில் வெந்நீர்க் குழாய் மட்டும் கடகடத்தது.

"கிளாரினெட் அரை மாத்திரை பிந்துச்சு," என்றார் பைகே.

கெனாதி கடைசியில் வாசிக்கவே இல்லை. பாதியிலேயே வாத்தியத்தை மடியில் வைத்துவிட்டிருந்தான். "மன்னிச்சிருங்க பைகே," என்றான்.

"பரவால்ல." தாள்களை அடுக்க ஆரம்பித்தார். அடுக்கியவற்றை மறுபடி கலைத்தார். "எப்ப?"

"விடியக்காலைல. பல் தேய்க்கும்போது," என்றாள் பெர்மெட் அக்கா.

"பல்லு," என்றார். "சரி." பிறகு கலைந்த தாள்களை மறுபடி அடுக்கிக்கொண்டே, "அது நல்லாயிருந்துச்சும்மா. அந்தத் தொப்பி," என்றார்.

நான் அவருடைய கோட்டை எடுத்துப் பிடித்தேன். கை எந்தத் துளையில் நுழைய வேண்டும் என்று அவருக்குத் தெரியவில்லை. ஒரு குழந்தைக்குப் போடுவதுபோல நானும் கெனாதியும் போட்டுவிட்டோம். பெர்மெட் அக்கா அவர் இடுப்பில் கட்டிக்கொள்ள ஒரு கறுப்புத் துண்டை எங்கிருந்தோ கிழித்து அவர் பையில் திணித்தாள். அரங்க மேலாளரிடம் நாளைக்கு நிகழ்ச்சி இல்லை என்று சொல்லச் செல்லோக்காரர் மாடிக்குப் போனார். என்ன காரணம் என்று கேட்டிருக்கிறார்கள். "வாத்தியங்களுக்கு லேசா உடம்பு சரியில்ல" என்று சொல்லிவிட்டு வந்தாராம்.

காரைக் கெனாதி ஓட்டினான். பைகே முன்னால், நானும் அக்காவும் பின்னால். வழியில் தோக்மோக் ஊர் தாண்டியது. பைகே தன் போனை மடியில் வைத்து, அது உயிர்பெறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். முதலில் வந்தது அழைப்பு அல்ல. 'எங்கள் வீடு' என்ற குடும்பக் குழுவிலிருந்து அவரைக் காலை ஆறு பன்னிரண்டுக்கு நீக்கியிருக்கிறார்கள் என்ற தகவல். சொல்லக்கூடாத ஆளை நீக்கிவிட்டுத்தான் மற்றவர்கள் அதில் அழுவார்கள். எல்லா வீட்டிலும் அப்படித்தான்.

"புருலையும் நீக்கியிருக்காங்க," என்றார். யாரிடமும் இல்லாமல்.

புருல் அவருடைய தங்கை. மாஸ்கோவில் ஒரு தையல் பட்டறையில் வேலை, ஏழு வருடமாக. அப்பாவோடு ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு மணி நேரம் பேசுகிறவள் என்று அக்கா என் காதில் சொன்னாள்.

"நான் பேசட்டுமா பைகே?" என்றாள் அக்கா.

"வேணாம்."

மலை தொடங்குகிற இடத்தில், சிக்னல் போவதற்கு முன்னால், காரை ஓரம் கட்டச் சொன்னார். இறங்கவில்லை. தொண்டையைச் செருமினார், இன்னொரு தடவை செருமினார். சன்னமாக ஏதோ ஒரு சுரத்தை முணுமுணுத்து, குரல் நேராக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார். பிறகு அழைத்தார். பின்னால் தையல் மெஷின்களின் சத்தம் எங்களுக்கே கேட்டது.

"புருல், நான்தான்... ஒண்ணுமில்லடி, சும்மா. சாப்ட்டியா? ...இல்ல, குழுவுல என்னமோ கோளாறு போல, என்னையும்தான் தூக்கியிருக்கு... கேளு. அப்பாவுக்கு லேசா உடம்பு சரியில்ல."

மெஷின் சத்தம் நின்றது. அவளே அணைத்திருக்க வேண்டும்.

"லேசாத்தான். டாக்டர் சும்மா பாக்கறாரு. உன்னைப் பாக்கணும்னு சொல்றாரு, அவ்வளவுதான்... இப்பவா? தூங்குறாரு. இப்பத்தான் கண்ணசந்தாரு, எழுப்பவேணாம்... என் குரலா? ஒத்திகைல கத்திக் கத்தி இப்படி ஆயிருச்சு. டிக்கெட் நான் போடறேன். நைட்டு விமானம் இருக்கு."

கெனாதி கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். நான் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெர்மெட் அக்கா அழவில்லை. ஆசிரியை ஒருத்தி மாணவனின் பரீட்சையைக் கேட்பதுபோல, கண்ணை மூடிக்கொண்டு, வரிக்கு வரி தலையாட்டினாள்.

"தடிமனான கோட்டா எடுத்துட்டு வாடி," என்றார் பைகே. "இங்க பனி."